இசக்கியின் கால் கட்டைவிரல்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் எதில் எதிலெல்லாமோ வந்திருக்கிறார்கள். ரிக்‌ஷாவில், வள்ளத்தில், மீன் லாரியில், ஒருமுறை வீட்டுக் கதவைக் கழற்றி அதில் கிடத்திக்கூட. சலவைத் துணி வண்டியில் ஆள் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

காலை ஏழரை மணி இருக்கும். ட்யூட்டிக்கு வந்து, தொப்பியைத் தலையில் குத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், ஓட்டல்களில் எடுத்த படுக்கை விரிப்பு மூட்டைகள் மேல் ஒரு பெண்ணைக் கிடத்தி, மூன்று ஆண்கள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வண்டிக்கு முன்னால் சோப்பு வாசனை வந்து சேர்ந்தது.

"சிஸ்டரே, வேகம் வாங்க! இவ மிண்ட மாட்டேங்கா, பேச்சே இல்ல!" என்று முன்னால் இருந்தவன் கத்தினான். அவன் சுடலைமுத்து. மூட்டை மேல் கிடந்தவள் அவன் பெண்டாட்டி இசக்கி. கண் இமை இரண்டும் பாதி விழுந்து கிடந்தன. கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிச்சல்தான் வந்தது. எனக்கும் அவளுக்கும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

கரிந்த முந்தானை

எழுபதுகளின் கடைசி அது. என்னிடம் மூன்று யூனிஃபார்ம் சேலைகள் இருந்தன, மூன்றும் வெள்ளை. மட்டாஞ்சேரிப் பக்கத்தில் வெள்ளை என்றால் எல்லோரும் கொடுப்பது ஒரே இடத்தில்தான். நம் ஆட்கள் துணி தோய்க்கிற களத்தில். அவர்களுடைய முப்பாட்டன் காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். ஆண்கள் தொட்டியில் அடித்துத் தோய்ப்பார்கள். பெண்கள் கஞ்சி போட்டு, சிரட்டைக் கரிப் பெட்டியால் இஸ்திரி போடுவார்கள். கொடியில் கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் சொருகிவிடுவார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

என் அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். நான் எழுதுகிற தமிழில் மலையாளம் அடிக்கிறது என்று போன மாதம் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். அடிக்கட்டும் ஐயா. சாயாவும் கப்பைக்கிழங்கும் தின்று வளர்ந்த உடம்பு இது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் நர்ஸாகி வெள்ளைச் சேலை உடுத்தினால், அந்தச் சேலை மேல் எத்தனை கண் இருக்கும்? அந்தச் சேலையில்தான் இசக்கி பெட்டியை வைத்தாள். முந்தானையில், தோளிலிருந்து இறங்குகிற இடத்தில், இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. மேட்ரன் எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலமே களத்துக்குப் போய்விட்டேன். இசக்கி ஒத்துக்கொண்டாளா? இல்லவே இல்லை.

"இது என் பெட்டி இல்ல சேச்சி. என் பெட்டி மூக்கு இம்புட்டு அகலம் கிடையாது. நீங்களே வீட்ல வச்சுத் தேச்சிருப்பீங்க."

"என் வீட்ல பெட்டியே கிடையாதுடி!"

"அப்போ பக்கத்து வீட்ல."

இப்படி ஒரு வாய். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "பொய் சொல்ற வாய் ஒருநாள் அடைச்சுப் போகும், பாத்துக்கோ!" என்று களமே கேட்கும்படி கத்திவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து, வாய் அடைத்துப்போய் என் கண் முன்னால் கிடக்கிறாள். என் வாயில் நெருப்பை அள்ளிக் கொட்ட வேண்டும் போலிருந்தது.

கடித்த அடையாளமே இல்லை

மயக்க மருந்து டாக்டர் வர்க்கி அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தார். ஒல்லியான மனிதர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இசக்கியின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சுடலையைப் பார்த்து, "எப்போ தொடங்கி?" என்றார்.

"வெளுக்கறதுக்கு முன்னாடி வயிறு வலிக்குன்னு எழுந்தா, டாக்டரே. ரெண்டு வாந்தி. ராத்திரி தின்ன மீன் சேரலைன்னு நெனச்சோம். பெறவு கண்ணைத் தொறக்க முடியலைன்னா. பேச்சுக் குழறிச்சு. இப்போ ஒண்ணும் இல்ல."

"எவிடெ படுத்தாள்?"

"தரையிலதான். துணி மூட்டை பக்கத்துல. நல்ல சூடில்லையா."

டாக்டர் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கெட்டன்" என்றார். நாம் கட்டுவிரியன் என்போமே, அதேதான். சுடலை அவளைக் காலிலிருந்து கழுத்து வரை பார்த்துவிட்டு, கடித்த அடையாளமே இல்லையே என்றான். அந்தப் பாம்பு கடித்தால் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, தூங்குகிற ஆள் தூங்கிக்கொண்டே இருப்பான் என்று டாக்டர் சொன்னார். அவருடைய பத்து வார்த்தை அதோடு முடிந்துவிட்டது.

அதற்குள் மூச்சு வெறும் தொண்டையசைவாகிவிட்டது. நெஞ்சு எழும்பவில்லை. உதட்டில் நீலம் பாய்ந்தது. நான் காலால் மிதிக்கிற உறிஞ்சு மெஷினை மிதித்துத் தொண்டையில் தேங்கிய எச்சிலை எடுத்தேன். டாக்டர் விளக்கு வைத்த கருவியால் நாக்கை ஒதுக்கி, சிவப்பு ரப்பர் டியூபை மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார். டியூபின் நுனியில் கறுப்பு ரப்பர் பையை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினார். நெஞ்சு எழும்பியது. இன்னொன்று. இன்னொன்று. நாலாவது அழுத்தில் உதட்டின் நீலம் வெளுக்கத் தொடங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் நரம்பில் ஏற்கெனவே பிடித்துவிட்ட விஷம் அந்த மருந்துக்கு மசியாது. அது தானாக விட வேண்டும். அதுவரை அவளுக்காக யாராவது மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"எத்தனை நாள் டாக்டர்?"

"ரெண்டு. மூணு. நாலு. அறியில்லா."

மூச்சு விடுகிற மெஷின் எங்களிடம் கிடையாது. அக்கரையில், எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. போன் செய்து கேட்டோம். அதில் ஏற்கெனவே ஒருவர் கிடந்தார். வார்டில் நாங்கள் மூன்று நர்ஸ்கள், நாற்பது நோயாளிகள். ஆக, பையை அழுத்த வேண்டியது இசக்கியின் சொந்தபந்தம்தான். ஆள் ஒருவருக்கு அரை மணி, கை மாறி கை மாறி.

அடிக்கிற கை

முதலில் பையைப் பிடித்தது சுடலையின் அண்ணன் பரமசிவம். மலை மாதிரி ஆள். ஓட்டல் விரிப்பு பத்தை ஒன்றாக முறுக்கிப் பிழிவான். டாக்டர் அழுத்திக் காட்டிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்.

நான் அடுத்த கட்டிலுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பினால், பரமசிவம் பல்லிடுக்கில் "ஹ்ஸ்… ஹ்ஸ்…" என்று சத்தம் விட்டபடி பையைப் பிழிந்துகொண்டிருக்கிறான். கல்லில் துணி அடிக்கும்போது அவர்கள் எல்லோரும் விடுகிற அதே சத்தம். அதே வேகம். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாலு ஆண்களும் தங்களையறியாமல் அவனோடு சேர்ந்து "ஹ்ஸ்… ஹ்ஸ்…" என்கிறார்கள். வீட்டுப் பெண்ணுக்கு உயிர் கொடுக்கிறோம் என்று ஒரே உற்சாகம்.

ரத்த அழுத்தம் பார்த்தேன். பாதியாக இறங்கியிருந்தது. தியேட்டருக்கு ஆள் ஓடவிட்டேன்.

டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார். "நிர்த்து! இது கல்லு அல்ல, மனுஷ்யனாணு!" நெஞ்சுக்குள் காற்றை இப்படி இடைவிடாமல் அடைத்தால், இருதயத்துக்கு ரத்தம் திரும்பி வர வழியே இருக்காது. பரமசிவம் விக்கித்துப்போய்ப் பையை விட்டான். நான் பாய்ந்து பிடித்தேன்.

ஆளுக்கு ஆள் சொல்லிப் பார்த்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார், நாலு வினாடிக்கு ஒரு முறை என்றோம். பத்து அழுத்து சரியாக வரும், அப்புறம் கை அதன் பாட்டுக்குக் களத்துக்கே போய்விடும். பிறந்ததிலிருந்து அடித்துப் பழகிய கை, பாவம் என்ன செய்யும்?

வாசல் ஓரத்தில் இசக்கியின் நாத்தனார் வள்ளி நின்றிருந்தாள். வலது கை மட்டும் இடதைவிடப் பருத்திருக்கும், இஸ்திரி போடுகிற பெண்களுக்கெல்லாம் அப்படித்தான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

"வள்ளி, இங்க வா. ஒரு சட்டை முதுகு தேய்க்கணும்னா எப்படித் தேய்ப்பே?"

"இது என்ன கேள்வி சேச்சி? தண்ணி தெளிச்சு, பெட்டியை ஒரு தள்ளு, கழுத்துல போய் எடுக்கணும். திரும்பத் தெளிக்கணும்."

"பையைப் பிடி. அதையே செய். தேய்… எடு… தெளி."

தேய் என்றால் பை மெல்ல அமுங்க வேண்டும். எடு என்றால் விட வேண்டும். தெளி என்றால் சும்மா இருக்க வேண்டும், அந்த நேரத்தில் காற்று தானாக வெளியே வரும். நெஞ்சில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினைந்து. அடுத்த நிமிஷம், பதினைந்து. அதற்கு அடுத்ததும் பதினைந்து! அரை மணியில் ரத்த அழுத்தம் பழையபடி ஏறிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். வள்ளியின் உதடு அசைவதைப் பார்த்தார். "எந்தாணு இவள் சொல்லுன்னது?" என்றார், என்ன சொல்கிறாள் என்று. சொன்னேன். மனிதர் சிரித்தே விட்டார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் பை பெண்கள் கைக்குப் போனது. களத்தில் இஸ்திரி போடுகிற பதினோரு பேரும் முறை போட்டு வந்தார்கள். ஆண்கள் முகம் தொங்கிப்போய் நின்றார்கள். அவர்களையும் விடவில்லை நான். உறிஞ்சு மெஷினைக் காலால் மிதிக்க வேண்டுமே? தொட்டியில் கம்பளியைப் போட்டு மணிக்கணக்கில் மிதிக்கிற கால்கள் அல்லவா? எங்கள் அட்டெண்டர் பத்து மிதியில் இளைத்துப்போவார். சுடலை மிதித்தால் மெஷின் பாட்டுக்கு ஓடும்.

"காது கேட்கும், சரோஜே" என்று போகும்போது டாக்டர் சொன்னார். "கண்ணும் கையும் போயிருக்கும், காது போகாது. அவளோடு பேசிக்கொண்டிரு."

எனக்கும் அவளுக்கும் பேச என்ன இருக்கிறது? சேலைதான். "ஏ இசக்கி, நல்லாயிரு. நல்லாகி எழுந்து வந்து என் சேலைக்குப் பதில் சொல்லு" என்று மருந்து கொடுக்கிற போதெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தேன்.

சுக்கு கோடவுன்காரர்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் மறுநாள் நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று புரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். சுக்கு கோடவுனில் மூட்டை தூக்குகிற ஒருவரை இதே மாதிரி கொண்டுவந்தார்கள். இதே இமை, இதே எச்சில். வேறொரு டாக்டர் டியூப் போட்டுவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் பையை அழுத்தினார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. கண்ணில் டார்ச் அடித்தால் அசைவில்லை. கிள்ளினால் அசைவில்லை. "போயாச்சு சிஸ்டரே, இனி எதுக்கு?" என்று டியூபை எடுக்கச் சொல்லிக் கொண்டுபோனார்கள். டாக்டர் வர்க்கி அன்று லீவு. பெரிய நர்ஸ் கையெழுத்து வாங்கினார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் டாக்டர் வர்க்கி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பல்ஸ் உண்டாயிருந்தோ?"

இருந்தது. என் கையால் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆளுக்கும் காது கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நெல் அளவு

இரண்டாம் நாள் மத்தியானம். டாக்டர் தியேட்டரில் ஒரு பிரசவ ஆபரேஷனில் நின்றிருந்தார். இசக்கி கட்டையாகக் கிடந்தாள். இமை முழுக்க மூடிவிட்டது. தூக்கிப் பார்த்தால் பாவை விரிந்து, டார்ச்சுக்கு அசையவில்லை.

பரமசிவம் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "சிஸ்டரே, கொண்டு போறோம்."

"எங்கே?"

"வீட்டுக்கு. உசிரு போயிருச்சு. பையை அழுத்தினா நெஞ்சு பொங்கத்தான் செய்யும். தலையணைக்குள்ள காத்து அடிச்சாலும் பொங்கும். இங்க வச்சுப் போச்சுன்னா, பாம்பு கேசு, போலீசு வரும். அறுத்துத் தச்சுக் கொடுப்பாங்க. என் தம்பி பெண்டாட்டியை முழுசாக் கொண்டு போறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அழுதுகொண்டே சொன்னான். பின்னால் நின்ற கூட்டமும் முனகியது. சுடலை உறிஞ்சு மெஷின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்தான். வள்ளியின் கை மட்டும் நிற்கவில்லை. தேய், எடு, தெளி.

"பல்ஸ் இருக்கு" என்றேன்.

"எங்க அப்பனுக்கும் கடைசி வரைக்கும் இருந்துச்சு" என்றான் பரமசிவம்.

இந்தத் தடவை நான் கதவைத் திறந்து பிடிக்கப் போவதில்லை. குறுக்கே நின்றேன். "அண்ணே, ஒரு கால் மணி நேரம் கொடுங்க. அவளையே கேட்போம்."

குனிந்து இசக்கியின் காதில் சொன்னேன். "இசக்கி, நான் சரோஜா. நான் சொல்றது கேட்டா, கால் கட்டைவிரலை ஆட்டு."

எல்லோரும் காலைப் பார்த்தோம். ஒன்றுமில்லை.

"இசக்கி, கொஞ்சம் ஆட்டு. ஒரே ஒரு தடவை."

ஒன்றுமில்லை. பரமசிவம் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சுவர் ஓரத்தில் ஒருத்தி ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு ஆத்திரம்தான் முந்தும்.

"அடியே! என் சேலையைக் கரிச்சது நீதானே? இப்பவாச்சும் ஒத்துக்கோ! ஆமான்னா விரலை ஆட்டுடி!"

விரல் அசையவில்லை.

"அப்போ நீ கரிக்கலையா? நீ இல்லைன்னா ஆட்டு, பாப்போம்!"

இடது காலின் கட்டைவிரல் அசைந்தது.

ஒரு நெல் அளவுக்குத்தான். ஆனால் அசைந்தது. சுடலை தரையோடு இருந்ததால் அவன்தான் முதலில் பார்த்தான். "ஆட்டுதா! எம்மா, ஆட்டுதா!" என்று அலறினான்.

"நரம்பு இழுக்கும்" என்றான் பரமசிவம். குரலில் பழைய உறுதி இல்லை.

"இழுக்குதா? இருங்க. இசக்கி, என் சேலையை நீயா கரிச்சே?"

அசைவில்லை.

"நானே கரிச்சுக்கிட்டேனா?"

அசைந்தது. சாகக் கிடக்கிறாள், மூச்சை இன்னொருத்தி விட்டுக்கொண்டிருக்கிறாள், அப்போதும் பழி என் மேலேதான்! வார்டு முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். வள்ளிக்குக் கண்ணீர் மூக்கில் வழிகிறது, துடைக்கக் கையில்லை, தேய், எடு, தெளி என்று முன்னைவிடச் சத்தமாகச் சொல்கிறாள்.

பரமசிவம் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கிடந்தே, தாயி? நான் சொன்னதையும் கேட்டியா?"

விரல் அசைந்தது. பெரிய ஆள் குழந்தை மாதிரி அழுதான். அப்புறம் எழுந்து, தம்பியை நகர்த்திவிட்டு, உறிஞ்சு மெஷினின் மிதியில் காலை வைத்து நின்றான். அடுத்த இரண்டு நாள் அவனை அந்த இடத்திலிருந்து சாப்பிடக் கிளப்புவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

பெட்டி ஓடவில்லை

மூன்றாம் நாள் காலை, நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். வள்ளி கூப்பிட்டாள்.

"சேச்சி, பெட்டி ஓட மாட்டேங்குது."

ஓடிப்போய்ப் பையைத் தொட்டேன். கல்லாக இருந்தது. அழுத்தினால் அமுங்கவில்லை. நெஞ்சு எழும்பவில்லை. டியூபுக்குள் சளி அடைத்துவிட்டது. நல்ல டியூபும் அடைத்தால் கழுத்தை நெரிக்கிற கைதான். டாக்டர் வந்து வேறு டியூப் போடுவதற்குள் இசக்கி போய்விடுவாள்.

"பரமசிவம் அண்ணே, மிதிங்க!"

உப்புத் தண்ணீர் நாலைந்து சொட்டு டியூபுக்குள் விட்டேன். மெல்லிய குழாயை உள்ளே இறக்கினேன். பரமசிவம் மிதித்தான் பாருங்கள், மெஷின் தரையோடு பெயர்ந்துவிடும் போலிருந்தது. முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இசக்கியின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. மறுபடி சொட்டு விட்டு, மறுபடி இறக்கினேன். கர்ரென்று ஒரு சத்தம். கஞ்சிப் பசை மாதிரி ஒரு கட்டி, குழாயோடு வெளியே வந்தது.

"தேய் வள்ளி!"

பை அமுங்கியது. நெஞ்சு எழும்பியது. வள்ளி ஓர் அழுத்துக்கூடத் தாளம் தப்பவில்லை. நான் அந்தக் கட்டியைக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டேன். டாக்டர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கிண்ணத்தில் கிடந்த கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மிடுக்கி" என்றார். மலையாளத்தில் அது கெட்டிக்காரிக்கு வைக்கிற பெயர். எனக்கு வேறு மெடல் எதுவும் கிடைத்ததில்லை, அது போதும்.

இந்தக் கதையைச் சொன்னால் கொஞ்சம் முன்னால் ஓடி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பாம்புக்கடியோ, பூச்சிமருந்து குடித்த கேஸோ, மூச்சு நின்று யார் வந்தாலும், டாக்டர் வர்க்கி ஆளை அனுப்புவது துணி தோய்க்கிற களத்துக்குத்தான். "தேய்ப்புக்காரிகளை விளிக்கூ" என்பார். இஸ்திரிப் பெட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். அவர்கள் கையால் பிழைத்தவர்கள் எர்ணாகுளத்துக்கு இந்தப் பக்கம் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். எண்பதுகளின் நடுவில் எங்களுக்கும் ஒரு மெஷின் வந்தது. கரண்டு போனால் மெஷினுக்கு மூச்சு நின்றுவிடும். வள்ளிக்கு நிற்காது.

முதல் வார்த்தை

நாலாம் நாள் சாயங்காலம் இசக்கியின் இமை ஒரு கோடு திறந்தது. அப்புறம் விரல்கள், ஒவ்வொன்றாக. வள்ளி 'தெளி' என்று சும்மா இருந்த நேரத்தில், நெஞ்சு தானாக ஒரு சின்ன எழும்பல் எழும்பியது. வள்ளி பையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சேச்சி, இவளே தேய்க்கா!" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் டியூபை எடுத்தார். ஒரு இருமல். ஒரு நீண்ட மூச்சு, அவளே இழுத்து, அவளே விட்டது. வராந்தாவில் களமே நின்றிருந்தது. அந்த மூச்சின் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே குரலில் குலவையிட்டார்கள். மேட்ரன் அதட்ட வந்தவர், அதட்டாமல் நின்றுவிட்டார். நான் அன்றைக்கு நடக்கவில்லை, மிதந்தேன்.

ஸ்பூனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் கொடுத்தேன். இசக்கி விரலை மடக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். தொண்டை ரணமாக இருந்தது, குரல் காற்றாகத்தான் வந்தது. காதை அவள் வாயோடு வைத்தேன்.

"சேச்சி… அந்தச் சேலை… நான்தான் கரிச்சேன்."

நிமிர்ந்து பார்த்தேன். "பின்னே எதுக்குடி விரலை அந்த ஆட்டு ஆட்டினே?"

"பேடி" என்றாள். பயம் என்று அர்த்தம். "பை உங்க சொல்லுக்கல்லா ஓடுச்சு? ஒத்துக்கிட்டா, கோவத்துல நிப்பாட்டச் சொல்லிட்டா?"

"அடிப்பாவி! போடி கள்ளி!" என்று சிரிக்க ஆரம்பித்தவள்தான், எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பக்கத்தில் துணி எதுவும் இல்லை. என் முந்தானையை இழுத்துத் துடைத்துவிட்டேன்.

நாலு நாளாகக் களத்தில் தோய்க்க ஆள் இல்லை, தேய்க்க ஆள் இல்லை. எல்லோரும் எங்கள் வார்டில் அல்லவா இருந்தார்கள்? என் நல்ல சேலை இரண்டும் அழுக்கு மூட்டையில் கிடந்தன. மிச்சம் இருந்தது அந்தக் கரிந்த ஒன்றுதான், அதைத்தான் உடுத்தியிருந்தேன்.

இசக்கி அந்தப் பழுப்புத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள், அவளுடைய சொந்த மூச்சு.

"மூக்கு என் பெட்டி மூக்குதான்" என்றாள்.